பத்தாவதில் போனாலும் கல்லூரி உண்டு

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்க பெரியம்மா மகள் பத்தாவதில் கணக்கில் பெயில். இனிமேல் படிப்பு எதற்கு என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அக்காவுக்காக விசாரித்தபோது தெரிந்ததுதான் சமுதாயக் கல்லூரி.

1901-ல் அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில், ஸ்டான்லி பிரவுன் என்பவர் தாம் தலைமை வகித்த உயர்நிலைப் பள்ளியிலேயே ஆறே பேருக்கு மேல்படிப்பு ஆரம்பித்தார். அது இன்று பெரிய கல்லூரி. அங்கே கல்லூரித் தலைவரை பிரசிடென்ட் என்பார்களாம். (நம்ம ஊரில் பிரசிடென்ட் என்றால் பஞ்சாயத்துத் தலைவர்தான்!)

நம் நாட்டில் இதைப் பரப்ப உழைத்தவர் தந்தை சேவியர் அல்போன்ஸ். திருச்சி தெப்பக்குளம் பக்கத்து ஜோசப் கல்லூரியை நடத்தும் சேசு சபைதான் அவருடைய சபையும். 1999-ல் சென்னையில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். இக்கல்லூரியை நடத்துபவர் ஆபீஸ் ரூமிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரி, கம்பெனி என்று போய், என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்ற பாடம் வைக்க வேண்டும். அங்கேயே பயிற்சிக்கும் அனுப்ப வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவர்களும் சேரலாம்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அங்க கணக்குப் பாடம் இருக்குமாடி?" என்றுதான் முதலில் கேட்டாள்.

- 9-ஆம் வகுப்பு மாணவி