ஸ்டாண்டு தவறாத குதிரை

வயது வந்தபின் குதிரை ஏறப் பழக நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்தக் குதிரை இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிண்டி ரேஸில் ஓடியதற்கு ஒரு பழக்கம், மெரினாவில் பிள்ளைகளைச் சுமப்பதற்கு வேறொரு பழக்கம். ராயபுரத்தில் ஒரு ஜட்காக் குதிரையின் முதுகில் என் நைனா பட்ட பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது.

எழுபதுகளில் நைனா ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குத் திருவிழா, அந்த வருஷம் தேசிங்கு ராஜா நாடகம். குரலும் மீசையும் இருந்ததால் நைனாதான் தேசிங்கு. யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை டில்லி பாதுஷா முன்னிலையில் அடக்கியவன் என்று கதைப்பாடல் கொண்டாடும் ராஜா அவன். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்தபோது இளவயது. அப்படிப்பட்டவன் கொட்டகைக்கு நடந்து வரலாமா? குதிரை மேல் ஊர்வலமாகத்தான் வரவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நைனா அதுவரை குதிரையைத் தொட்டதுகூட இல்லை.

குதிரைக்குப் பஞ்சமில்லை. அடுத்த சந்தில் ஜட்கா ஓட்டும் பாய் இருந்தார். மணலுக்குத்தான் பஞ்சம். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கியதிலிருந்து, தெற்கேயிருந்து அலை தள்ளிக்கொண்டு வரும் மணல் சுவருக்குத் தென்புறமே தங்கிவிட்டது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்றது, கரையைக் காக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். விழுந்தால் மெத்தென்று தாங்கும் மணலெல்லாம் தெற்கே தங்கிவிட, நைனா தார் ரோட்டில்தான் பழக வேண்டியிருந்தது. வண்டி நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் தொடங்குவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் பல் துலக்காமல் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.

முதல் நாள் நைனா குதிரையின் வால் பக்கமாகப் போய் நின்றார். பாய் அவர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். “அண்ணாத்தே, பின்னால போவாத. அதுக்கு நீ தெரிய மாட்ட. பேசிக்கினே சைடால வா.” குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் பெரும்பகுதி தெரியும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று ஒரு கை பட்டால் மிரளும். முன்தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போவதுதான் சரி. இன்றுவரை எந்தக் குதிரையிடமும் நான் அப்படித்தான் போகிறேன்.

ஜட்காக் குதிரைக்குச் சேணம் கிடையாது. கம்பளியை மடித்துப் போட்டு, மேலே கோணி வைத்து, வாரால் கட்டினார் பாய். அங்கவடியும் இல்லை, ஏறுவதற்கு ஒரு மீன் பெட்டி. இடப்பக்கம் நின்று ஏறுவதுதான் வழக்கம். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்திலிருந்து வந்தது என்பார்கள். நைனா பெட்டியிலிருந்து எம்பினார். எம்பிய வேகத்தில் வலப்பக்கம் இறங்கிவிட்டார். குதிரை அசையாமல் நின்றது. திண்ணை முழுக்கச் சிரிப்பு, அம்மாவுக்குச் சேலைத் தலைப்பை வாயில் வைத்தும் அடங்கவில்லை. நைனா கோணியைச் சரிசெய்துவிட்டு மறுபடி பெட்டியில் ஏறினார்.

உட்கார்ந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பித்தது. கிரேனில் லீவரை எவ்வளவு இழுத்தால் சரக்கு எங்கே நிற்கும் என்று அவர் கைக்குத் தெரியும். அதே கையால் கடிவாளத்தை இழுத்தார். வாயில் இரும்பு அழுத்தவும் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தது. பயத்தில் இரண்டு காலாலும் விலாவை இறுக்கினார். விலாவை இறுக்கினால் ‘போ’ என்று அர்த்தம். கை நில் என்கிறது, கால் போ என்கிறது, பாவம் அது என்ன செய்யும்? “காலை வுடு, காலை வுடு!” என்று பாய் கத்தினார். அந்தச் சத்தத்துக்கே நைனா இன்னும் இறுக்கினார். புதிதாக ஏறுகிற பெரியவர்களிடமெல்லாம் நான் பார்க்கும் தடங்கல் இதுதான். விழாமல் இருக்கத்தான் பிடிக்கிறார்கள், அந்தப் பிடியே ஓட்டிவிடுகிறது. பிடித்தே ஆகவேண்டுமென்றால் பிடரி மயிரைப் பிடியுங்கள். காலைத் தொங்கவிட்டு, மூச்சை நீளமாக விட்டு, குதிரையின் காதுகளுக்கு நடுவே தூரத்தில் பாருங்கள். கீழே பார்த்தால் உடம்பும் கீழே சாயும்.

இதெல்லாம் ஓரளவு பிடிபட்டபோது வந்தான் சைக்கிள் பையன். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே அட்டையைச் செருகி டர்ர்ர் என்று ஓட்டுவது அப்போது எங்கள் பேட்டைப் பிள்ளைகளின் பெருமை. ஜட்காவை விரட்ட பாய் சாட்டைக் கம்பைச் சக்கர ஆரத்தில் வைத்து எழுப்புவதும் இதே டர்ர்ர்தான். குதிரை கேட்டது, கிளம்பிவிட்டது. சைக்கிள் முன்னால், தேசிங்கு பின்னால், அவருக்குப் பின்னால் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாய்! பையன் பயந்து மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடியது, சத்தம் கூடக் குதிரையும் வேகம் கூட்டியது. கடைசியில் அவன் ஒரு சந்துக்குள் திரும்பவும்தான் குதிரை நடைக்கு வந்தது. நைனா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஆனால் விழவில்லை.

பாயின் குதிரைக்கு இன்னொரு குணமும் உண்டு. சவாரி ஏறும் இடம் ஒவ்வொன்றிலும் அது தானாக நிற்கும். கல்மண்டபத்தில் நிற்கும், ராபின்சன் பூங்கா வாசலில் நிற்கும். 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் ஸ்டேஷன் எதிரில் ரொம்ப நேரம் நிற்கும். ஆள் ஏறி வண்டி அசைந்தால்தான் நகரும். முதுகில் ஆள் இருப்பதை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒருநாள் ஸ்டேஷன் எதிரில் நைனா உச்சுக் கொட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, கூடையோடு வந்த ஓர் ஆயா குதிரையை அடையாளம் கண்டுகொண்டு, “கொத்தவால்சாவடிக்கு இன்னாப்பா கேக்குற?” என்றார். அதன்பின் வெகுநாள் எங்கள் வீட்டில் நைனாவுக்கு அதுவே பட்டப்பெயர்.

வேறு யாராயிருந்தாலும் சாட்டையை எடுத்திருப்பார்கள். பாய் எடுக்கவில்லை. “அது நிக்கிற எடத்துல நீ வசனம் பேசிடு அண்ணாத்தே” என்றார். நான் கேட்ட குதிரைப் பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை. வருஷக்கணக்காக வயிற்றுப்பாட்டுக்குக் கற்றதை ஒரு மாதத்தில் மறக்கச் சொல்வது அந்தப் பிராணிக்குச் செய்யும் அநியாயம். இப்போது மெரினாவில் பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள் என்றால் நீங்களும் கொஞ்சம் கவனியுங்கள். வார் உரசும் இடத்தில் புண் இருக்கிறதா, காலைத் தாங்கி நடக்கிறதா, விலா எலும்பு துருத்தித் தெரிகிறதா? தெரிந்தால் ஏற்றாதீர்கள். மத்தியான வெயிலில் வேண்டவே வேண்டாம். தின்னக் கொடுப்பதானால் உள்ளங்கையை விரித்து, விரல்களை ஒட்ட வைத்து நீட்டுங்கள். விரல் மடங்கியிருந்தால் அதற்குக் கேரட்டும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான்.

திருவிழா அன்று தேசிங்கு வந்தார். தலையில் ஜிகினாக் கிரீடம், இடுப்பில் தகர வாள். பக்கத்திலேயே கையில் கயிறில்லாமல் பாய். கல்மண்டபத்தில் குதிரை நின்றது. நைனா வாளை உருவி நவாபுக்குச் சவால் விட்டார். பூங்கா வாசலில் நின்றது, ராணியிடம் விடைபெறும் வசனம். ஸ்டேஷன் எதிரில் நெடுநேரம் நின்றதால் மூன்றாம் காட்சி வசனத்தையும் சேர்த்துப் பேசிவிட்டார். எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று ஜனம் நம்பிக் கைதட்டியது. ஊர்வலம் கொட்டகைக்கு வந்து சேர ரொம்ப நேரமாகிவிட்டது. நாடகக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா மட்டும், விழாமல் வந்து சேர்ந்தாரே அது போதும் என்று, ஊறவைத்த கொள்ளை முதலில் குதிரைக்குக் கொண்டுபோனார்.