முதல் கட்டளை எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள கயல்விழி,

பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்கு முதல் கட்டளையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அதை ஏற்றுவது எது? இந்த முடிச்சை ஒரு காலத்தில் விரலாலேயே அவிழ்த்தார்கள்.

1965-இல் வந்த பிடிபி-8 என்ற சிறிய கம்ப்யூட்டரின் முகப்பில் 12 சுவிட்சுகள் உண்டு. அவற்றில் 7756 என்ற முகவரியை வைத்து 'லோட் அட்ரஸ்' கொடுக்க வேண்டும். அடுத்தது 6032. இவை ஆக்டல் எண்கள். ஓர் இலக்கத்துக்கு மூன்று சுவிட்சு. 6 என்றால் மேல், மேல், கீழ். 0 என்றால் மூன்றும் கீழே. 3-க்குக் கீழ், மேல், மேல். 2-க்குக் கீழ், மேல், கீழ். 'டெபாசிட்' கொடுத்ததும் அந்த எண் நினைவகத்தில் ஏறும், முகவரியும் தானே ஒன்று கூடும். இப்படி 16 எண்கள். ஒரு சுவிட்சு மாறினாலும் வேலை நடக்காது. அதனால் ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துச் சரிபார்ப்பார்கள். இத்தனை பாடுபட்டு ஏற்றிய நிரலுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காகித நாடாவைப் படிப்பது. அந்த நாடாவில் இதைவிடப் பெரிய ஏற்றி நிரல் இருக்கும். காந்த வளைய நினைவகம் மின்சாரம் போனாலும் மறக்காது என்பதால், இதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மெயின்ஃபிரேமில் விரலுக்கு வேலை குறைவு. மூன்று திருகிகளில் எந்தச் சாதனத்திலிருந்து படிப்பது என்று வைத்து 'லோட்' பட்டனை அழுத்தினால் போதும். 24 பைட்டுகள் முகவரி பூஜ்யத்திலிருந்து வந்து அமரும். முதல் 8 பைட்டு, செயலி எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். மீதி 16-இல் மேற்கொண்டு எதைப் படிப்பது என்ற கட்டளைகள் இரண்டு. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

கையால் செய்வது முந்தியது, தானாக நடப்பது பிந்தியது என்று எண்ணிவிடாதே. 1949-லேயே கேம்பிரிட்ஜின் எட்சாக் கம்ப்யூட்டரில், டேவிட் வீலர் எழுதிய தொடக்கக் கட்டளைகளைத் தொலைபேசி நிலையத்துச் சுழல் சுவிட்சுகளில் கம்பியாகவே இணைத்து வைத்திருந்தார்கள். ஒரு பட்டனில் அவை நினைவகத்துக்குள் போய்விடும். பின்னால் வந்த பிடிபி-8 மறுபடி விரலை நாடியதற்குக் காரணம் விலை. நிரந்தர நினைவகம் அன்று மலிவில்லை.

உன் மடிக்கணினியில் அந்த வேலையை ஒரு ஃபிளாஷ் சிப் பார்க்கிறது. பிடிபி-8 போலவே இயங்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, அந்த 16 எண்களையும் நீயே ஏற்றிப் பார். 6032-இலிருந்து தொடங்கு.

அன்புடன்,
மாமா