ஆம்பளை வேலை, பொம்பளை குணம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் கேட்டாலும், ‘இது ஆம்பளை வேலை, அது பொம்பளை குணம்’ என்று ஒரு பட்டியல் ஒப்பிப்பார்கள். அதில் நான்கை எடுத்து உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: மீன் விற்கும் பெண்களுக்கு வாய் அதிகம், அது பிறவிக்குணம்.

உண்மை: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஐஸ் உடைக்கும் சத்தத்தையும் வண்டி ஹாரனையும் மீறிக் குரல் கொடுத்தால்தான் கூடை கைக்கு வரும். “இன்னா நைனா, நானூறு ரூவா மீனை இருநூறுக்குக் கேக்குறே?” என்று மடக்காவிட்டால் போட்ட முதல்கூடத் தேறாது. அதே பெண் பிள்ளையின் பள்ளியில் தலைமையாசிரியர் எதிரே நின்றால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. பிறவிக்குணம் இப்படி இடத்துக்கு இடம் மாறுமா? ஏலம் விடும் ஆண் அதே சத்தத்தில் பேசினால் அவர் கெட்டிக்காரர்.

நம்பிக்கை 2: நைட் ஷிஃப்ட் என்றால் பெண்களே ஒதுங்கிக்கொள்வார்கள்.

உண்மை: ஒதுக்கியது சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, இரவு 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மாநில அரசு நேரத்தைத் தளர்த்த முடிந்தது. அதுவும் இரவு 10 மணிவரைதான். இந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு வழிவிட்டது. அரை நூற்றாண்டு கதவைச் சாத்திவைத்துவிட்டு, ‘அவர்களுக்கு ஒத்துவராது’ என்று பேசிக்கொண்டிருந்தோம்.

நம்பிக்கை 3: கேரம் பையன்கள் ஆட்டம்.

உண்மை: 2008-இல் பிரான்சில் நடந்த போட்டியில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றவர் வியாசர்பாடி இளவழகி. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றவர் புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். பிறகு ஏன் போர்டைச் சுற்றிப் பையன்களே நிற்கிறார்கள்? போர்டு கிடப்பது தெருமுனையில். அங்கே பையன் நின்றால் பொழுதுபோக்கு. பெண் நின்றால் ஊர்ப்பேச்சு.

நம்பிக்கை 4: யார் என்ன நினைத்தாலும் நாம் நாமாகத்தான் நடந்துகொள்கிறோம்.

உண்மை: ஸ்க்ரிப்னெக், ஸ்னைடர் என்ற உளவியலாளர்கள் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தனித்தனி இடத்தில் இருந்தபடி சமிக்ஞை மூலமே வேலைகளைப் பங்கிட வேண்டும். மறுபக்கம் இருப்பவர் ஆண் என்று சில ஆண்களிடமும், பெண் என்று வேறு சிலரிடமும் சொல்லிவைத்தார்கள். ஆணாக நினைக்கப்பட்ட பெண்கள், தூண்டிலில் இரை மாட்டுவது போன்ற ‘ஆண் வேலை’களைக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். பெண்ணாக நினைக்கப்பட்டவர்கள் கேக் அலங்காரம் போன்றவற்றின் பக்கம் சாய்ந்தார்கள். எதிராளியின் நினைப்பே இவர்கள் நடத்தையாகிவிட்டது.

ஆண்களும் தப்பவில்லை. ‘ஆம்பளை அழலாமா’ என்று அதட்டி வளர்த்த பையனை, ‘வடசென்னை ஆளு, முரடன்’ என்று ஊரும் ஒதுக்கினால் அவன் முறைத்துத்தான் நிற்பான். அதைக் காட்டி, ‘சொன்னேனே’ என்போம்.

ஆகவே ஒருவரின் குணத்துக்குச் சான்றிதழ் எழுதும் முன், அவரிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று பாருங்கள். ஆசிரியர்களும், வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் இதை முதலில் செய்ய வேண்டும்.