முதலில் கல்

அன்புள்ள மருமகனுக்கு,

தாத்தாவின் சவரக் கத்தி உன் கைக்கு வந்துவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். பெல்ஜியத்திலிருந்து மஞ்சள் தீட்டுக்கல்லும் தருவித்திருக்கிறாயாம். கேட்டதும் மனம் நிறைந்தது. ஆனால் அவசரப்பட்டுக் கத்தியைக் கல்லில் வைத்துவிடாதே. முதலில் கல்லைத் தயார் செய்.

உன் வயதில் நான் அதைச் செய்யவில்லை. பழைய கல் ஒன்றை அப்படியே எடுத்துத் தீட்டினேன். கல்லின் நடுவில் குழி. கத்தி வாயில் பாதி கல்லைத் தொட்டது, மீதி தொடவே இல்லை. ஒரு வாரம் தேய்த்தும் கன்னத்தில் இழுத்தது. குறை கத்தியில் என்று நினைத்து வாயைப் பாதி தேய்த்தே தீர்த்துவிட்டேன். போன இரும்பு திரும்பி வராது.

உன் கல்லின் பெயர் கோட்டிகூல். ஆர்டென் மலைப்பகுதியில் வியெல்சால்ம் ஊரைச் சுற்றி மெல்லிய படலமாகக் கிடைப்பது. தனியாக நின்றால் உடைந்துவிடும் என்பதால்தான் அடியில் சிலேட்டுக் கல் பலகை ஒட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார், கோடு தெரியும். இரும்பை அரைப்பது அதனுள் இருக்கும் ஸ்பெசார்டைன் என்ற கனிம மணிகள். நாம் மோதிரத்தில் பதிக்கும் கோமேதகமும் அதே குடும்பம்தான். ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பல முகங்கள் கொண்டு உருண்டையாக இருப்பதால் ஆழமாகக் கீறாது. முகத்துக்கு அது இதமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

தடித்த கண்ணாடி ஒன்றின் மேல், வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 400 நம்பரை விரித்துத் தண்ணீர் ஊற்று. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போடு. தேய். கோடு முழுக்க அழிந்தால் மறுபடி போட்டுத் தேய். ஒரே தடவையில் எல்லாக் கோடும் சேர்ந்து அழியும்வரை விடாதே. பிறகு 1000 நம்பர். உலர்ந்த கல்லைத் தேய்க்காதே, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விளிம்புகளைச் சற்றே மழுக்கிவிடு. கூரான விளிம்பு கத்தி வாயைக் கொத்தும். கடைசியில் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவு. பேப்பரின் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் வாய் பல்லாகிவிடும். எண்ணெய் விடாதே. ஊறவும் வைக்காதே, இந்தக் கல்லுக்கு மேலே தெளித்த தண்ணீர் போதும்.

இனிக் கத்தி. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுக்க வேண்டும். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும், உன் கை அதில் தலையிடக் கூடாது. வாய் முன்னே போகட்டும். கல் முனையில் புரட்டும்போது முதுகின் மேல் புரட்டு. கத்தியின் சொந்த எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். கல்லின் அகலத்தைவிடக் கத்தி வாய் நீளமாக இருக்கும், அதனால் அடியிலிருந்து நுனிக்குக் குறுக்காக இழுத்துக்கொண்டே போ. கல்லோடு வந்த சின்னத் துண்டால் உரசினால் பால் போல் குழம்பு வரும். அது வேகமாக அறுக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து அந்தக் குழம்பை மெலிதாக்கு. கடைசிச் சுற்று வெறும் தண்ணீரில். வாய்க்கு முன்னால் தண்ணீர் சுருண்டு கத்தியின் மேல் ஏறுகிறதா என்று பார். நீளம் முழுக்க ஏறினால் வாய் கல்லோடு பொருந்திவிட்டது. பின் தோல்வாரில் முதுகு முன்னே போக ஐம்பது இழுப்பு.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதே. உளிக்கும் அரிவாளுக்கும் அவர் கை நல்ல கை. ஆனால் சுழலும் சக்கரத்தின் சூட்டில் இவ்வளவு மெல்லிய வாயின் பதம் போய்விடும். இன்னொன்று, இந்தக் கத்தி உன் முகத்துக்கு மட்டும். ஆசையாகக் கேட்டாலும் நண்பர்களுக்குத் தராதே, ரத்தத்தில் பரவும் நோய்கள் உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வாட்டர் பேப்பர் வாங்கிவிடு. கல் சமமாகும்வரை கத்தி உறையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா