பழைய ஜீப்பைத் தேத்தணுமா? காசை எங்கே போடணும்னு அக்கா சொல்றேன்!

தம்பி, பழைய ஜீப் ஒண்ணை வாங்கித் தேத்தி ஓட்டணும்னு ஆசை வந்துடுச்சா? நல்ல ஆசைதான். கையில காசு குறைச்சல்னா மகிந்திரா எம்.எம்.540-ஐத் தேடு. 1985-ல வந்த மாடல். பியூஜோ வடிவமைச்ச 2.1 லிட்டர் டீசல் இன்ஜின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஜீப் வேலை தெரிஞ்ச மெக்கானிக் பட்டறையிலயே பிரிச்சு மாட்டிடுவார்.

வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாரு. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் துணியால துடைச்சு, டார்ச் அடிச்சு, ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாரு. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். இன்ஜின் மாத்தியிருந்தா அது ஆர்.சி.யில ஏறியிருக்கணும். சேஸிஸை வெட்டி நீட்டின வண்டி வேண்டவே வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019-லயே சொல்லிடுச்சு. ‘பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்’னு சொல்ற ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அடுத்தது துரு. பளபளன்னு புதுப் பெயிண்ட் அடிச்ச ஜீப்பைப் பார்த்தா எனக்குச் சந்தேகம்தான் முதல்ல வரும். சின்ன காந்தம் ஒண்ணை மெல்லிசுத் துணியில சுத்தி, பாடி மேல நகர்த்திக்கிட்டே வா. ஒட்டாம வழுக்குற இடத்துல தகரம் இல்லை, புட்டிதான் இருக்கு. மிதியடியைத் தூக்கித் தரையைப் பாரு. ஈரம் தங்குறது அங்கதான். அப்புறம் வண்டிக்கு அடியில படுத்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடங்கள்ல சேஸிஸைச் சுத்தியலால லேசாத் தட்டு. கணீர்னு கேட்டா சரி. ‘தொப்’புனு கேட்டாலோ பொருக்கு உதிர்ந்தாலோ விலை எவ்வளவு குறைச்சாலும் எழுந்து வந்துடு. ஓட்டைத் தரையை வெட்டிப் புதுத் தகடு வெல்டு பண்ணிக்கலாம். இத்துப்போன சேஸிஸ் பட்ஜெட்டையே முழுங்கிடும்.

இன்ஜினை ஆறிக்கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். பானெட்டைத் தொட்டுப் பாரு. நீ போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லு. ஓடிக்கிட்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திற. புகை குபுகுபுன்னு அடிச்சா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கும், அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசு.

வாங்கினதும் முதல் காசு பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும்தான். முன் சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆடுதா? ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்கலைன்னா கிங் பின் பக்கம் தேய்மானம். இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் போனா, தேவையில்லாததை மாத்தச் சொல்லி உன் தலையில யாரும் கட்ட முடியாது.

கியர் பாக்ஸ், ஆக்சில், பம்பர், சீட் ஃபிரேம் எல்லாம் புதுப்பேட்டை மாதிரி பழைய பாகங்கள் விக்கிற இடத்துல பழசே தேடி எடுக்கலாம், தப்பில்லை. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், டை ராட் எண்ட் மட்டும் புதுசுதான். இதுல அக்கா விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒயரிங்கையும் ஒட்டுப் போடாம மொத்தமா மாத்திடு. பழைய ஒயர் உரசித் தீப்பிடிச்சா எல்லாமே போச்சு. டீசல் டேங்க்ல ஓட்டைன்னா காலி பண்ணிட்டோம்னு நம்பி வெல்டு வைக்க விடாதே. உள்ளே தங்கின ஆவியே வெடிக்கும். அதைச் சுத்தம் பண்ணி வேலை செய்யத் தெரிஞ்சவர்கிட்ட கொடு.

ஒரே மாசத்துல முடிக்கணும்னு கடன் வாங்காதே. வண்டியை ஓடுற நிலையிலேயே வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வேலையா முடி. பெரிய டயர், லைட் பார் எல்லாம் கடைசி. டயர் மாத்தும்போது நாலும் ஒரே சைஸா இருக்கணும்.

ஃபோர் வீல் டிரைவைச் சேறு, மணல், பாறைன்னா மட்டும் போடு. தார் ரோட்டுல போட்டா முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒண்ணையொண்ணு முறுக்கும், கஷ்டப்பட்டுத் தேத்தின கியர் உடையவும் கூடும். அங்கே டூ வீல்லயே ஓட்டு, தம்பி.