தடிப்பு மறைந்தது, மாத்திரையை நிறுத்தலாமா?

மாணவர்களே, இப்படி ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். படிவம் 4 மாணவர் ஒருவர் ஆற்றோரக் காட்டில் முகாமிட்டுத் திரும்புகிறார். இரண்டு நாளில் கையிலும் முகத்திலும் சிவந்த தடிப்பு, கொப்புளம், தூங்கவிடாத அரிப்பு. காரணம், அவர் ஒடித்த ரெங்காஸ் மரக்கிளை. மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்தின் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும். தோலில் பட்டால் கடும் ஒவ்வாமை உண்டாக்கும்.

மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தருகிறார். அளவைப் படிப்படியாகக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு மேல் உண்ண வேண்டும் என்கிறார். ஐந்தாம் நாள் அரிப்பு அடங்குகிறது. மாணவர் தாமாகவே நிறுத்திவிடுகிறார். சில நாளில் தடிப்பு மீண்டும் கிளம்புகிறது. ஏன்?

சாற்றிலுள்ள வேதிப்பொருள் தோலின் புரதத்தோடு இணைகிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் அதைப் பகையெனக் கருதித் தாக்குகின்றன. இத்தாக்குதல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். மாத்திரை அதை அடக்கி வைக்கிறது, முடித்து வைப்பதில்லை. பாதியில் நிறுத்தினால் தாக்குதல் தொடரும்.

இது தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு அன்று. சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைப் போன்றது. 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்ச், இதே இனத்தைச் சேர்ந்த கார்ட்டிசோனை மூட்டழற்சி நோயாளிக்குச் செலுத்தி வியப்பூட்டும் பலன் கண்டார். 1950இல் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால், பலனோடு பக்கவிளைவும் வரும். இதனை உண்பவர்கள் அதிகப் பசி, தூக்கமின்மை, எரிச்சல், வயிற்றுக் கோளாறு ஆகியவற்றைக் கூறுவதுண்டு. நீண்ட நாள் உண்டால் முகம் உப்பலாம், எலும்பு வலுவிழக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும். அதனால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் காலையில், உணவுக்குப் பின் உண்ணச் சொல்கின்றனர்.

பல வாரம் உண்டவர் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. மாத்திரை வெளியிலிருந்து வருவதால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அது விழித்தெழ அவகாசம் தேவை. இல்லையேல் கடும் சோர்வு, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு ஏற்படலாம்.

எனவே, தடிப்பு மறைந்தாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். பக்கவிளைவு தொல்லை தந்தால் நீங்களே நிறுத்தாமல் அவரிடம் கூறுங்கள். மிஞ்சிய மாத்திரையை நண்பருக்குக் கொடுக்காதீர்கள்.

சிந்திக்க: வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் சுரப்பி ஏன் ஓய்வெடுக்கிறது?