ஓசூர் நெடுஞ்சாலையில் காரில் போகும் நேரத்தை என்ன செய்யலாம்?

ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை: ஒரு வழிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூர் சிப்காட்டில் வேலை: சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் அத்திப்பள்ளியிலும் சந்தாபுராவிலும் வண்டிகள் தேங்கிவிட்டால், தூரம் குறைந்தவர்தான் தாமதமாகப் போய்ச் சேருவார். இந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது, காரில் எந்த இருக்கையில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஸ்டியரிங் பிடிப்பவருக்கு

கண்ணும் கையும் சாலைக்கு. மிச்சம் காது மட்டும்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் 5 விநாடி வாட்ஸ்அப் பார்த்தால், கார் 80 மீட்டருக்கு மேல் பார்வையின்றி ஓடியிருக்கும். கையில் போனைப் பிடித்து ஓட்டுவது, 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல். புளூடூத்தில் பேசினால் கைதான் ஓய்கிறது; கவனம் பேச்சோடு போய்விடுகிறது. ஆகவே அலுவலக மீட்டிங்கைக் காரில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காதுக்கு என்ன கொடுக்கலாம்? கன்னடப் பேச்சுப் பாடம் ஒன்று. எல்லை தாண்டி வேலை பார்ப்பவருக்கு இதைவிடக் கைமேல் பலன் தரும் பயிற்சி குறைவு. கிளம்பும் முன்பே ஒலிக்கவிடுங்கள். லாரிகள் நெருங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். திரும்பும்போது பாட்டுப் போதும்.

சேர்ந்து போகிறவர்களுக்கு

ஒரே ஷிப்டில் இருக்கும் மூன்று நான்கு பேர் முறை வைத்து ஆளுக்கொரு நாள் காரை எடுங்கள். மற்ற நாட்களில் மெயில் பார்க்கலாம், தேர்வுக்குப் படிக்கலாம், தூங்கவும் செய்யலாம். பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம். வெள்ளை போர்டு காரில் வெளியாட்களைக் கட்டணத்துக்கு ஏற்றாதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

பாதி வழிக்கு மெட்ரோ

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பொம்மசந்திராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். சில்க் போர்டுப் பக்கம் வேலை என்றால் பொம்மசந்திராவிலேயே ரயிலுக்கு மாறலாம். மீதி வழியில் படிக்கக் கண்ணும் கையும் உங்களுடையவை.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தையும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், பணி விபத்தாகக் கருத ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் வழி செய்யப்பட்டது. ஷிப்ட் நேரப் பதிவும் வழக்கமான பாதையும் அப்போது கைகொடுக்கும்.

நாளைக் காலை கிளம்பும் முன் மேலதிகாரியிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை வண்டி ஓட்டுவேன், போன் எடுக்க மாட்டேன்." அவசரம் என்றால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.